ஏழாம் மேடையின் அசல் பதில்

ஒரே இயந்திரத்துக்குள் நடக்கிற பேச்சுக்குக் காவல் எதற்கு என்று கேட்பவர்களைக் கயற்கண்ணி மனிதர்களாகவே மதிப்பதில்லை. பதினான்கு வருடக் கணினிப் பாதுகாப்பு வேலையில் அந்தக் கேள்வியை வங்கிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஒரு துணைவேந்தர் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஏழாம் மேடையின் மேலாளர் தாமோதரன், அவள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிக் கலைந்த தலைமுடியைக் கட்டி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"நம்ம சர்வர் நம்ம மேடையிலயே இருக்குதுங்க. கேக்கறதும் இங்கதான், பதில் சொல்றதும் இங்கதான். நடுக்கடல்ல வெளியாள் எவன் வரப்போறான்னு எனக்குப் புரியலைங்க மேடம்."

வெளியாள் வரவேண்டியதே இல்லை என்பதுதான் விஷயம் என்று அவள் அப்போது சொல்லவில்லை. சொன்னாலும் ஏறாத முகம் அது என்று தீர்மானித்து, சர்வர் அறை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது அந்த இரும்பு மேடை. கீழே நானூறு மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையில் உருளைக்கிழங்கு போலக் கனிமக் கட்டிகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்க முதலில் இயந்திரங்களைத்தான் இறக்கினார்கள். சேறு அடைத்து ஒவ்வொன்றாகச் செத்தன. அதற்குப் பிறகு நிறுவனத்தின் நிபுணர்கள் கூடி ஆலோசித்து, இயந்திரத்தை விட மனிதன் மலிவு என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு விருதும் வாங்கினார்கள்.

மனிதன் அந்த ஆழத்தில் காற்றைச் சுவாசிக்க முடியாது. ஆகவே நுரையீரலில் பிராணவாயு கரைந்த ஒரு திரவத்தை நிரப்பி இறக்கினார்கள். நீர்மூச்சு என்று அதற்குப் பெயர். நெஞ்சுக்கவசத்தில் இருக்கும் ஒரு சின்ன பம்பு திரவத்தை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும். ஆள் தானாக மூச்சு விட வேண்டியதில்லை. அங்கேதான் சிக்கல் இருந்தது. வாரத்தில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பம்பை நம்பியே கிடந்தால், மூச்சு விடும் வேலையை மூளை மெல்ல மறந்துவிடுகிறது. மேலே வந்த பிறகும் நினைவு வருவதில்லை. மூழ்குபவர்கள் அதை மூச்சு மறதி என்றார்கள்.

அதனால் ஒவ்வொரு மூழ்குபவரும் எத்தனை மணி நேரம் கீழே இருந்தார், ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் மேடையிலிருந்த சர்வரில் பதிவாகும். காலையில் இறங்கும் கூண்டருகே ஒரு கருவி இருக்கும். அதில் விரலை வைத்தால் கருவி சர்வரைக் கேட்கும். போகலாம் என்றால் பச்சை எரியும், கூண்டு திறக்கும். கூடாது என்றால் சிவப்பு எரியும். அன்றைக்குப் பாதிக் கூலி.

கயற்கண்ணியை வரவழைத்த காரணமும் அந்த விளக்குதான். சர்வரில் இருக்கும் கணக்குப்படி நாற்பது பேர் இறங்கத் தகுதியானவர்கள் என்றால், கூண்டில் இருபத்தெட்டு, முப்பது பேர்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இது பல மாதமாக நடந்திருக்கிறது. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சும்மா இருந்திருக்க வேண்டும்.

சர்வர் அறையில் உட்கார்ந்த முக்கால் மணி நேரத்தில் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. பிழைப் பதிவைத் திறந்ததும் முதல் வரியிலேயே அது இருந்தது. 'என் இடத்தில் வேறொருவர் இருக்கிறார்' என்ற பொருளில் சர்வர் ஒவ்வொரு நாள் காலையும் ஐந்து ஐம்பத்து நான்குக்கு எழுதிவைத்திருந்தது. பதினான்கு மாதமாக, ஒரு நாள் தவறாமல். ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை.

தாமோதரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் மதுரைக்காரி, புரியாதவர்களுக்கு ஊரை வைத்துத்தான் விளக்குவாள்.

"கோயிலுக்குப் போறீங்க. செருப்பு வைக்கிற கவுன்ட்டர்ல செருப்பக் குடுத்து டோக்கன் வாங்குறீங்க. உள்ள இருக்கிறவன் மூஞ்சிய என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"அவன் டீ குடிக்கப் போற நேரத்துல இன்னொருத்தன் ஏறி உக்காந்துட்டா, அவன்கிட்டயும் அதே மாதிரிதான் நீட்டுவீங்க. ஏன்னா நீங்க நம்புறது ஆளை இல்ல, இடத்தை. உங்க சர்வர் தினமும் காலைல நாலு நிமிசம் நின்னு மறுபடி கிளம்புது. அதோட கவுன்ட்டரை, இந்த மிஷின்ல கணக்கு வச்சிருக்கிற எவன் வேணா கை வைக்கலாம்ங்கிற பொது முற்றத்துல போட்டு வச்சிருக்கீங்க. அந்த நாலு நிமிசத்துல ஒருத்தர் வந்து அதே பேர்ல அதே எடத்துல கடையைப் போட்டுட்டாங்க. கூண்டு அவங்களத்தான் கேக்குது. உங்க சர்வர் திரும்பி வந்து பாக்குது, எடம் இல்ல, பின்பக்கமா போய் நின்னுக்குது."

"உள்ளாளுங்களா மேடம்?"

"உள்ளாளுக்குத்தான் இது முடியும். வெளியாளுக்குப் பூட்டுப் போட்டுட்டு உள்ளாளை மறந்துட்டீங்க."

யார் என்று அவர் கேட்டார். தேடிச் சொல்கிறேன் என்றாள். உண்மையில் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சர்வரின் இடத்தில் உட்கார்ந்த போலி நிரல், அந்தப் புரோகிராம், எந்தக் கணக்கிலிருந்து ஓடுகிறது என்று இயந்திரம் மறைக்காமல் சொல்லிவிட்டது: மருத்துவ அறை. நிரலைப் படித்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி முதல் வருடத்தில் எழுதும் கையெழுத்து. ஒரே காரியத்தை மூன்று இடத்தில் திரும்பத் திரும்பச் செய்திருந்தது. கேள்வியைப் பின்வாசல் வழியாக அசல் சர்வரிடம் கொடுத்து, வரும் பதிலை அப்படியே கூண்டுக்குச் சொல்லும். ஒரே ஒரு மாற்றம்: அந்த வாரத்தில் முப்பது மணி நேரத்தைத் தாண்டப்போகிறவருக்கு அசல் சர்வர் பச்சை சொன்னாலும் இது சிவப்பாக்கிவிடும். இவ்வளவு மட்டமான நிரலிடம் பதினான்கு மாதம் ஏமாந்த நிறுவனத்தை நினைத்து அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

மருத்துவ அறையில் ஜெய்நம்பு இருந்தாள். கீழக்கரைக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. மேடையில் இருந்த ஒரே நர்ஸ். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். தலையில் சுற்றிய துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே, கயற்கண்ணி கேட்பதற்கு முன்பே எழுந்து கதவைச் சாத்தினாள்.

மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கி, மூன்று வருடம் வேலை தேடி, கிடைக்காமல் நர்சிங் படித்தவள் தான் என்று சொன்னாள். படித்தது வீண் போகவில்லை என்று வாப்பாவிடம் சொல்லத்தான் அவர் இல்லை என்றாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கையேட்டை எடுத்துக் காட்டினாள். நீர்மூச்சுக் கவசத்தைச் செய்தவர்களே கொடுத்த கையேடு. வாரத்துக்கு முப்பது மணி நேரம் என்று அதில் அச்சாகியிருந்தது. சர்வரிலும் முன்பு அந்த எண்தான் இருந்ததாம். போன வருடம் ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அதை நாற்பத்து நான்காக மாற்றினார்கள். ஒரே ஒரு வரி. அதை மாற்ற ஜெய்நம்புவுக்கு அனுமதி கிடையாது. பதினொரு கடிதம் எழுதினாள். வரம்புகளை நிபுணர்கள் தீர்மானிக்கிறார்கள் என்று ஒரு பதில் வந்தது.

"அந்த எண்ண மாத்துனப்ப முப்பத்தெட்டு மணி நேரம் போனவன் கையைப் புடிச்சு நான்தான் ரத்தம் எடுத்தேன். ஊசி குத்துறப்ப எல்லாரும் மூச்சப் புடிப்பாங்க, வலிக்குமேன்னு. அப்பறம் விடுவாங்க. இவங்க புடிச்சத விட மறந்துபோயி உக்காந்திருப்பாங்க. நான் தோள்ல தட்டுனாத்தான் விடுவாங்க. அந்த நிபுணர்மாரு ஒருத்தரும் கைய புடிச்சுப் பாத்ததில்ல."

கயற்கண்ணிக்கு அது உள்ளே எங்கோ பட்டது. பட்ட வேகத்தில் அதை ஒதுக்கியும் வைத்தாள். நல்ல எண்ணத்தோடு போலியாக நிற்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் திறந்து வைத்த வழியில் அடுத்து நுழைந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். அதைத்தான் சொன்னாள்.

"இன்னிக்கு நீங்க உக்காந்து சிவப்பு போடுறீங்க சிஸ்டர். நாளைக்கு அதே எடத்துல வேற ஒருத்தன் உக்காந்து எல்லாருக்கும் பச்சை போடுவான்."

"அதான் ஏற்கெனவே போட்டாச்சேம்மா. மேல உக்காந்து."

மடக்கப்பட்டால் வழக்கமாகச் செய்வதுபோல் கயற்கண்ணி குரலை அதிகாரமாக்கிக்கொண்டு, முறையான வழி என்று ஒன்று இருக்கிறது, தன் அறிக்கையில் இதை எழுதுகிறேன் என்றாள். இந்த மூழ்குபவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டாள்.

ஜெய்நம்பு சிரித்தாள். சொன்னால் அடிக்க வருவார்கள் என்றாள். சிவப்பு விளக்கால் கூலி போகிறது, கருவியைச் சோதிக்க வேண்டும் என்று மனு எழுதியதே அவர்கள்தான். தலைமை அலுவலகம் தாள்களைப் புரட்டியது அந்த மனுவால்தான். முதல் கையெழுத்து பெர்க்மான்ஸுடையது. தூத்துக்குடிக்காரன், முப்பத்து நான்கு வயது, வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். வெள்ளியில் தொடங்கும் இந்த வாரக் கணக்கில் அவன் பெயருக்கு எதிரே இருபத்தொன்பது மணி நேரம். நாளைக் காலை இறங்கினால் முப்பதைத் தாண்டிவிடும். போன மூன்று வாரமும் நாற்பது வரை போகப் பார்த்து, அவள் விளக்கைச் சிவப்பாக்கியதால் மேலே நின்றவன்.

"அவன் ரத்தம் சரியில்லம்மா, அதப் பதிஞ்சும் சர்வர் பச்சைதான் சொல்லுது. பதினஞ்சு நாள் ஓய்வு வேணும். வியாழக்கிழமை மாத்து ஆள் வர்ற படகுல அவன் ஊருக்குப் போறான். அதுவரைக்கும் இத இப்படியே விட முடியுமா? வெள்ளிக்கிழமை நீங்க என்ன வேணா செய்ங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. கயற்கண்ணியின் ஹெலிகாப்டர் மூன்று மணிக்கு. இரண்டு நாள் தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று ஒரு கணம் யோசித்தாள். ஓட்டை இருப்பது தெரிந்தும் இரண்டு நாள் விட்டுவைத்தாள் என்று அவள் பெயரோடு ஒரு பேச்சு வந்துவிடும். பெர்க்மான்ஸிடம் நேரில் சொல்லி நிறுத்துங்கள், மேலாளரிடம் எழுதிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. சர்வரின் கவுன்ட்டரைப் பொது முற்றத்திலிருந்து தூக்கி, சர்வருக்கு மட்டுமே சாவி உள்ள அறைக்குள் வைத்தாள். பழைய இடத்தில், அங்கே போ என்று கைகாட்டும் ஒரு பலகையை மட்டும் நட்டாள். அந்தப் பலகை இருக்கும்வரை அதே பெயரில் அங்கே வேறு யாரும் கடை போட முடியாது. கூண்டுக் கருவியிடம், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று இயந்திரத்தையே கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவைத்தாள். ஒவ்வொரு பதிலோடும் பதில் சொன்னவரின் அடையாளமும் பதிவாகும்படி செய்தாள். சுத்தமான வேலை. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது, மறைக்கவும் இல்லை. இனி கடவுளே வந்தாலும் இந்தச் சர்வர் மாதிரி நடிக்க முடியாது என்று தாமோதரனிடம் சொன்னாள். அவர் அதை அப்படியே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அறிக்கையின் ஒன்பதாம் பத்தியில், வார வரம்பு தயாரிப்பாளரின் கையேட்டுக்கு மாறாக உள்ளது, கவனிக்கவும் என்று எழுதினாள். எட்டாம் பத்தியில், போலி நிரல் மருத்துவ அறைக் கணக்கிலிருந்து ஓடியது என்று எழுதினாள். அன்று மாலையே எட்டாம் பத்திக்குப் பதில் வந்தது: ஜெய்நம்புவைத் தற்காலிகப் பணி நீக்கம் செய்துவிட்டார்களாம். வியாழக்கிழமைப் படகு வரை மருத்துவ அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. ஒன்பதாம் பத்திக்கு எந்தப் பதிலும் இல்லை.

புதன்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு பெர்க்மான்ஸ் கருவியில் விரலை வைத்தான். பச்சை எரிந்தது. ஜெய்நம்பு கூண்டருகே வந்து நின்று, போகாதே என்று அவன் கையைப் பிடித்திருக்கிறாள். பதினான்கு மாதமாக விளக்கைச் சிவப்பாக்கியது இவள்தான் என்று அதற்குள் மேடை முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அவன் கையை உதறிவிட்டுக் கூண்டுக்குள் ஏறினான். ஏழு மணி நேரம் கீழே இருந்தான். மேலே வந்து, திரவத்தை வடித்துவிட்டு, நன்றாகத்தான் சாப்பிட்டான். வியாழக்கிழமை மத்தியானம், படகு வருவதற்கு முன் சற்றுக் கண்ணயர்ந்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

உத்தரவை யாரும் நினைக்கவில்லை. ஜெய்நம்பு ஓடிவந்து அவனுக்கு மூச்சுக் கொடுத்தாள். ஹெலிகாப்டர் வரும்வரை, இரண்டரை மணி நேரம், மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பெர்க்மான்ஸ் பிழைத்தான். விழித்திருக்கும்போது, நினைவு வைத்து மூச்சு விட முடியும். ஏதாவது யோசனையில் மறந்துவிட்டால் நின்றுவிடும். தூங்கினால் இயந்திரம் வேண்டும்.

கயற்கண்ணிக்குச் செய்தி வந்தது பத்து நாள் கழித்து. நிறுவனத்தின் வழக்கறிஞர் சென்னையில் அவள் அலுவலகத்துக்கே வந்தார். நல்ல உடை, மெல்லிய பேச்சு. நடந்ததை வருத்தத்தோடு சொன்னார். வருத்தப்படுவதற்கும் அவருக்குக் கட்டணம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. தொழிலாளர் விசாரணை வரப்போகிறது என்றார். சர்வருக்கு அவள் போட்ட பூட்டு முழுமையாக வேலை செய்யத் தொடங்கியது வியாழக்கிழமைதான், புதன்கிழமை சோதனை ஓட்டம் மட்டும் நடந்தது என்று அவள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அப்படியானால் புதன்கிழமைப் பச்சை விளக்கைப் போலி நிரல் எரித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நர்ஸ் நிரலில் ஏதோ குளறுபடி. யாரும் வேண்டுமென்று செய்ததாக ஆகாது.

"உங்களுக்கும் அது நல்லதுதான் மேடம். நீங்க பூட்டு போட்டதுனால இது ஆச்சுன்னு யாரும் விரல் நீட்ட முடியாது."

அந்த ஆளை அவள் வெறுத்தாள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு மெத்தை போட்டிருந்தது என்பதும், அதில் சாய்ந்துகொள்ளத் தன் உடம்பு ஆசைப்படுகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஊர் உலகத்தை எல்லாம் முட்டாள் என்று சொல்லித் திரிந்தவள், இருபது நிமிடத்தில் வாங்கக்கூடிய ஆளாகத் தன்னை ஒருவன் கணித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அது தவறான கணிப்பு என்று உடனே சொல்ல அவளால் முடியவில்லை. அந்த அவமானம்தான் அவளை இரண்டு மாதம் தூங்க விடாமல் அரித்தது.

விசாரணை நாகப்பட்டினத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி சௌந்தரவல்லி, ஓய்வு பெற்ற நீதிபதி. காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோரும் சுருக்கமாகப் பேச வேண்டியிருந்தது, அது ஒரு வசதி. ஒரு மூலையில் ஜெய்நம்பு உட்கார்ந்திருந்தாள். பெர்க்மான்ஸ் வரவில்லை, அவன் மனைவி ஜெனோவா வந்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஆறு பத்துக்குக் கூண்டுக்குப் பதில் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். அசல் சர்வர் என்றாள் கயற்கண்ணி. பதிவைக் காட்டினாள். வழக்கறிஞர் எழுந்தார். நிரல்களில் நூறு சதவீதம் என்று ஒன்று உண்டா, புதிதாகப் போட்ட பூட்டு முதல் நாளே பிசகியிருக்கக் கூடாதா, நர்ஸின் போலி நிரல் எப்படியாவது குறுக்கே வந்திருக்கக் கூடாதா என்று இனிமையாகக் கேட்டார்.

"சிஸ்டர் உக்காந்திருந்தா சிவப்புதான் எரிஞ்சிருக்கும். பச்சை எரிஞ்சதே அது அசல்ங்கிறதுக்கு அத்தாட்சி."

காது கேட்கவில்லையோ என்று நினைத்து அவள் அதிகாரியைப் பார்த்துத் திரும்பவும் சொல்லப் போனாள். கேட்டது, மேலே சொல்லுங்கள் என்று அவர் கையைக் காட்டினார்.

"அந்தப் பதில் கம்பெனியோடது. வேற யார் தலையிலயும் அதக் கட்ட முடியாது. கட்ட முடியாதபடி செஞ்சது நான்தான்."

இது நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"சிஸ்டர் சொன்னாங்க. அவர் பேரையும் சொன்னாங்க. ரெண்டு நாள் கேட்டாங்க. நான் குடுக்கல."



தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. ஏழாம் மேடையில் வார வரம்பை முப்பதாகக் குறைக்க வேண்டும். பெர்க்மான்ஸின் சிகிச்சையை நிறுவனமே ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். மற்ற மேடைகளின் வரம்பைப் பற்றி நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து சொல்லும், அதே நிபுணர்கள்தான். பின்னால் நிரந்தரமாக்கப்பட்ட ஜெய்நம்புவின் பணி நீக்கம் செல்லும் என்று எழுதியிருந்தது. ஆள்மாறாட்டம் எந்த எண்ணத்தோடு செய்யப்பட்டாலும் ஆள்மாறாட்டமே. அவருடைய நல்லெண்ணம் குறித்துக்கொள்ளப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். குறித்துக்கொண்டதை அவள் எந்தக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவாள் என்று எழுதவில்லை.

கயற்கண்ணி தூத்துக்குடிக்குப் போனாள். பூசாத சுவர்களோடு பாதியில் நின்ற வீடு. ஜெனோவா வாசலில் நின்று, நீங்க எந்த மேடம் என்று கேட்டாள். விசாரணையில் பார்த்தவள்தான், தெரிந்தே கேட்டாள். பிறகு, "பூட்டு போட்ட மேடமா" என்று தானே சொல்லிக்கொண்டு வழிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். காப்பி கொடுக்கவில்லை.

பெர்க்மான்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். இரண்டு மூன்று வார்த்தை பேசுவான், நிறுத்தி, நினைவு வைத்து மூச்சை இழுப்பான், பிறகு தொடர்வான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அவள் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள், அந்த இடைவெளிகளைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. சிஸ்டர் மேல் கோபமா என்று மட்டும் கேட்டாள்.

"பதினாலு மாசம்... அந்த மெஷினத் திட்டாத நாளில்ல மேடம். சிஸ்டர்ட்டயே போயி... நின்னு திட்டுவேன். அது ஒண்ணும் சொல்லாது. டீ போட்டுக் குடுக்கும்." மூச்சை இழுத்தான். "கடைசி நாளு... கைய வேற உதறிட்டேன்."

அவன் அதையே நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். நெஞ்சு அசையவில்லை. ஜெனோவா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலேயே, "மூச்சு" என்று உரக்கச் சொன்னாள். அவன் இழுத்தான். அந்த வீட்டில் அது ஒரு சாதாரண வார்த்தையாகிவிட்டிருந்தது.

அடுத்த மாதம் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து கயற்கண்ணிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். விசாரணைக்கு முன்பே அவள் வேலையைப் பாராட்டி, அதே பூட்டை நான்காம் மேடையிலும் ஒன்பதாம் மேடையிலும் வேறு ஆட்களை வைத்துப் போட்டிருந்தார்களாம். இப்போது அவற்றை எடுத்துவிட்டுப் பழைய ஏற்பாட்டுக்கே போகலாம் என்று மேலிடம் நினைக்கிறதாம். அவளே வந்து செய்தால் நன்றாக இருக்கும்.

ஏன் என்று கேட்டாள். பராமரிப்பு சிரமம் என்றார். அதில் பராமரிக்க ஒன்றுமே இல்லை என்று அவள் சொல்லவே, குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இந்தப் பதில் நம்மளோடதுதான்னு நாமளே முத்திரை குத்தி வச்ச மாதிரி இருக்குல்ல மேடம். கொஞ்சம் இடம் இருக்கணும்னு லீகல்ல சொல்றாங்க."

அந்த இரண்டு மேடைகளிலும் வரம்பு இப்போது எத்தனை என்று கேட்டாள். நாற்பத்து நான்கு, குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது என்றார்.

இத்தனை வருடம் அவள் யாரையெல்லாம் முட்டாள் என்று நினைத்திருந்தாளோ, அவர்களில் சிலர் முட்டாள்கள் அல்ல என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. காவல் எதற்கு என்று கேட்டவர்களில் எத்தனை பேர் தெரிந்தே கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள்.

"நீங்க சொன்னத அப்படியே எழுத்துல குடுங்க. யார் கேக்குறாங்கன்னு பேரும் கையெழுத்தும் வேணும். வந்ததும் கிளம்பி வர்றேன்" என்றாள்.

அவர் சரி என்றார். கடிதம் வரவில்லை. தொலைபேசியும் வரவில்லை. அவள் தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிச் சௌந்தரவல்லிக்கு அனுப்பினாள். அவர் அதை நிபுணர் குழுவுக்கு அனுப்பிவைத்ததாகப் பதில் வந்தது.

ஆறு வாரம் கழித்து, நான்காம் மேடையிலும் ஒன்பதாம் மேடையிலும் பூட்டு இல்லை என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டாள். பூட்டை எடுப்பதற்குப் பத்து நிமிடம் போதும். எடுத்தது யார் என்று எந்தப் பதிவிலும் இல்லை.